மருந்து இல்லை டாக்டர், ஆன்டிஆக்சிடன்ட்

கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை பேர் குடிக்கப் போறீங்க?” என்பதுதான்.

சிங்கப்பூர் சைனாடவுனில் ஒரு பழைய சீன மருந்துக்கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். பாதிக்குப் பெயர்ச்சீட்டு உதிர்ந்துவிட்டது. எது எங்கே இருக்கிறது என்பது அவர் கைக்குத் தெரியும், அது போதும் போல. நான் கேட்டது டான்ஷென், அரைக் கிலோ. ஒருவருக்கு ஒரு நாள் கஷாயத்துக்கு 10 முதல் 15 கிராம்தான் போடுவார்கள். அரைக் கிலோ கேட்டால் மனிதர் வேறு என்ன நினைப்பார்? “ஆராய்ச்சிக்கு அங்கிள்” என்றேன். “சரி, வியாதி யாருக்கு?” என்றார். தட்டில் வளர்கிற செல்லுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. பையை நீட்டும்போது அவராகவே சொன்னார்: “ரத்தம் கட்டாம இருக்க இங்கிலீஷ் மாத்திரை சாப்பிடுறவங்க இதைத் தொடக் கூடாது. இது ரத்தத்தை ஓட வைக்கிற வேர்.” தலையை ஆட்டிவிட்டு வந்தேன். செல்லுக்கு ஏது ரத்தம்?

அந்தத் தலையாட்டலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டான்ஷென் ஒரு வேர். சுண்டுவிரல் பருமன் இருக்கும். செங்கல் நிறத் தோல் கையில் எடுத்தாலே விரலில் ஒட்டிக்கொள்ளும். செடியைப் பார்த்தால் நமக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. துளசி, தும்பை, கற்பூரவல்லி எல்லாம் இருக்கிற குடும்பம்தான் அதற்கும். அந்தச் சிவப்புக்குக் காரணமான டான்ஷினோன்கள் தோல் பக்கம்தான் அதிகம். தண்ணீரில் கொதிக்க வைத்தால் அவை அவ்வளவாக இறங்காது, சாராயத்தில்தான் கரையும். கஷாயத்தில் இறங்குவது சால்வியனோலிக் அமிலங்கள். அதாவது தண்ணீரில் எடுத்த சாறும் ஆல்கஹாலில் எடுத்த சாறும் கிட்டத்தட்ட இரண்டு வேறு மருந்துகள். இது எனக்குப் புரியவே மூன்று மாதம் ஆனது. அதற்குள் இரண்டையும் ஒரே பெயரில் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

நான் அப்போது ஒரு லேப்பில் ஆராய்ச்சி உதவியாளர். கும்பகோணத்திலிருந்து பயோகெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்தவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை எளிமையானது: சீன மூலிகைகள் ஒவ்வொன்றாக எடுத்து, சாறு இறக்கி, அவை செல்களை ஆக்சிஜன் சேதத்திலிருந்து காப்பாற்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆன்டிஆக்சிடன்ட் வேட்டை.

முதல் சோதனை எப்போதும் டிபிபிஹெச். அது ஒரு பொடி. மெத்தனாலில் கரைத்தால் அசல் கத்தரிப்பூ நிறம். ஃப்ரீ ராடிக்கல் என்றால் ஜோடி இல்லாத ஒற்றை எலக்ட்ரானை வைத்துக்கொண்டு அலைகிற மூலக்கூறு. பெரும்பாலானவை கண்மூடித் திறப்பதற்குள் பக்கத்தில் இருப்பதைப் பிடித்து இழுத்துவிடும். டிபிபிஹெச் மட்டும் சாது, சீசாவில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். மூலிகைச் சாற்றில் ஒரு ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்கத் தயாராக ஏதாவது இருந்தால் வாங்கிக்கொண்டு வெளிர் மஞ்சளாகிவிடும். அரை மணி நேரம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டரில் எவ்வளவு நிறம் போயிற்று என்று அளக்க வேண்டும். நிறம் எவ்வளவு போகிறதோ அவ்வளவு நல்ல ஆன்டிஆக்சிடன்ட்.

டான்ஷென் கஷாயத்தை ஒரு சொட்டு விட்டதும் கத்தரிப்பூ வெளுத்து மஞ்சளானதை முதல்முறை பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது உண்மை. இரண்டாயிரம் ஆண்டு மருத்துவம் என் கண்ணெதிரே நிரூபணமாகிவிட்டது என்றே நினைத்தேன். ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். “நம்ம நெல்லிக்காயும் அப்படித்தான் ஆகுமாடி?” என்றாள். ஆகும் என்றேன். பிறகுதான் சந்தேகம் வந்தது: வேறு எதெல்லாம் ஆகும்?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மேலதிகாரி கிளம்பிய பிறகு, மூன்று பேர் சேர்ந்து கையில் கிடைத்ததையெல்லாம் சோதித்தோம். கீழே கேன்டீனில் வாங்கிய கோப்பி-ஓ, அதாவது பால் இல்லாத காபி. என் டப்பாவில் மிச்சமிருந்த ரசம். தோழி ஒருத்தி பாட்டிக்காக வாங்கி வைத்திருந்த விலை உயர்ந்த ஜின்செங். கோப்பி உடனே மஞ்சளாக்கியது. ரசமும் சளைக்கவில்லை. ஜின்செங் போட்ட குழி அரை மணி நேரம் கழித்தும் கத்தரிப்பூவாகவே இருந்தது. தோழிக்கு முகம் வாடிவிட்டது. ஜின்செங்கில் முக்கியமானவை ஜின்செனோசைடுகள். அவற்றின் வேதி அமைப்பே வேறு, ஹைட்ரஜனைத் தானம் செய்கிற ஜாதி இல்லை. அதனால் ஜின்செங் வீண் என்று ஆகிவிடாது. அந்தச் சோதனை கேட்கிற கேள்விக்கு ஜின்செங் பதில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் கடைகளில் டப்பா மேல் அச்சடிக்கப்படும் ‘ஆன்டிஆக்சிடன்ட் சக்தி’ பெரும்பாலும் இந்த மாதிரிக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான். ஓராக் என்று இதேபோல இன்னொரு அளவு இருந்தது. எந்தப் பழத்தில் எத்தனை ஓராக் என்று அமெரிக்க வேளாண் துறையே ஒரு பெரிய பட்டியல் வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் உடம்புக்குள் நடப்பதற்கும் சம்பந்தம் இல்லை, கம்பெனிகள் விளம்பரத்துக்குத்தான் பயன்படுத்துகின்றன என்று சொல்லி 2012-இல் அதை எடுத்துவிட்டார்கள். எண்கள் மட்டும் இன்னும் டப்பாக்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இந்த வேட்டை எல்லாம் எங்கிருந்து தொடங்கியது? 1956-இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர், நாம் கிழடாவதற்குக் காரணம் செல்லுக்குள் உண்டாகிற ஃப்ரீ ராடிக்கல்கள்தான் என்று எழுதினார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1969-இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் சூப்பராக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கலைத் தீர்த்துக்கட்டவே ஒரு என்சைம் செல்லுக்குள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். திருடனைப் பிடிக்கப் போலீஸ் இருக்கிறது என்றால் திருடன் இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? அங்கிருந்து சூடு பிடித்தது. கெட்டது ஃப்ரீ ராடிக்கல், நல்லது ஆன்டிஆக்சிடன்ட், நல்லதை நிறையச் சாப்பிட்டால் நோய் வராது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற கதை. புகைபிடிக்கிற 29,133 பின்லாந்து ஆண்களை வைத்து இதைச் சோதித்து 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. கதை அவ்வளவு எளிமை இல்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. மாத்திரை வியாபாரத்துக்கு மட்டும் தெரியவில்லை.

எனக்கும் தெரியவில்லை. நான் தட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

செல் சோதனை இப்படி நடக்கும். 96 குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு, உள்ளங்கை அகலம். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் செல்கள், மேலே சிவப்பு மீடியம். மூலிகைச் சாற்றைப் போட்டு ஒரு நாள் இன்குபேட்டரில் வைப்போம். மறுநாள் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவோம். அது செல்களுக்கு விஷம். பிறகு எத்தனை செல் பிழைத்தது என்று பார்க்க எம்டிடி என்ற மஞ்சள் பொடி. உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும், செத்த செல் ஆக்காது. முந்தின சோதனையில் ஊதா மஞ்சளானால் சந்தோஷம். இதில் மஞ்சள் ஊதாவானால் சந்தோஷம். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் தலை சுற்றும். ஒருமுறை எனக்கு நிஜமாகவே மாறிப்போய், அற்புதமான முடிவு என்று நம்பி ஒரு நாள் முழுக்க மிதந்தேன்.

டான்ஷென் போட்ட குழிகள் நல்ல ஊதா. வெறும் பெராக்சைடு குழிகள் வெளிறிப்போயிருந்தன. படம் போட்டால் ஏணிப்படி மாதிரி அழகாக ஏறும். எட்டு மாதம் இப்படி ஓடியது.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, புதிதாகச் சேர்ந்த மாணவன் தட்டில் கடைசி வரிசையில் செல் போட மறந்துவிட்டான். மீடியம் மட்டும், சாறு மட்டும். திட்டிக்கொண்டே, சரி இருக்கட்டும் என்று அதிலும் எம்டிடி ஊற்றினேன். நான்கு மணி நேரம் கழித்து எடுத்தால் செல்லே இல்லாத அந்த வரிசையும் ஊதாவாக இருந்தது.

கொஞ்ச நேரம் தட்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே நின்றேன். சாறே எம்டிடியை நேராக ஊதாவாக்குகிறது. அதற்குச் செல் தேவையில்லை. நான் பிழைத்தன என்று எண்ணிய செல்களில் எத்தனை உண்மையாகப் பிழைத்தவை, எத்தனை வெறும் சாற்றின் நிறம்? சாற்றைக் கழுவிவிட்டு எம்டிடி ஊற்றியிருக்க வேண்டும். நான் ஒழுங்காகக் கழுவவில்லை, கழுவினால் செல் பெயர்ந்து வந்துவிடும் என்ற சோம்பேறித்தனம். செல் இல்லாத குழி ஒன்று எப்போதும் வைக்க வேண்டும் என்று எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. நாங்கள் வைத்தோம், சாறு இல்லாமல் வைத்தோம்.

எல்லாவற்றையும் திரும்பச் செய்தோம். இந்தத் தடவை கழுவி, வேறு முறையில் எண்ணி. ஏணி குட்டையாகிப் போனாலும் முழுக்க விழுந்துவிடவில்லை. கொஞ்சம் செல்கள் நிஜமாகவே கூடுதலாகப் பிழைத்திருந்தன. அதற்கு மேல் இன்னொரு கல் விழுந்தது. சால்வியனோலிக் அமிலம் மாதிரியான செடிப் பொருட்களுக்குப் பாலிஃபீனால்கள் என்று பெயர். அவற்றைச் செல் வளர்க்கும் மீடியத்தில் ஊற்றினால், செல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவை தாமாகவே ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரை வந்திருந்தது. கிரீன் டீயில் இருக்கும் கேட்டெச்சின்கள், வெங்காயத்தில் இருக்கும் குவர்செட்டின் எல்லாம் அப்படித்தான் செய்தன. எழுதியவர்கள் பேரி ஹாலிவெல்லும் அவருடைய சகாக்களும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில். அதே ஊரில், நான் தினமும் எம்ஆர்டி ரயிலில் போகிற தூரத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். நான் படிக்கவில்லை.

எங்கள் சாற்றையும் சோதித்தோம். வெறும் மீடியத்தில் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் பெராக்சைடு. பெராக்சைடிலிருந்து காப்பாற்றுகிற மருந்து என்று நாங்கள் கொடுத்தது, முதல் வேலையாகப் பெராக்சைடு தயாரித்துக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் செல்கள் பிழைத்தது எப்படி? இந்த வேலையில் எனக்கு இன்றுவரை பிடித்த இடம் இதுதான்.

செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்று ஒரு புரதம் இருக்கிறது. சாதாரண நாட்களில் அது நிம்மதியாக வாழ முடியாது. உண்டான கொஞ்ச நேரத்தில் கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடும். கீப்1-இன் உடம்பில் அங்கங்கே கந்தகம் உள்ள சிஸ்டீன்கள் நீட்டிக்கொண்டிருக்கும். எரிச்சலூட்டுகிற ஏதாவது உள்ளே வந்து அந்தக் கந்தகத்தில் ஒட்டினால் கீப்1-இன் பிடி தளர்ந்துவிடும். என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் போய், தூங்கிக்கொண்டிருந்த ஜீன்களை எழுப்பும். செல்லின் சொந்த ஆன்டிஆக்சிடன்டான குளூட்டாதயோனைச் செய்கிற என்சைம்கள், விஷத்தைக் கட்டிப்போடுகிற என்சைம்கள், எல்லாம் வேலைக்கு வரும். அப்பா பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவரிடம் சொன்னபோது உடனே புரிந்துகொண்டார். “டிஇஓ இன்ஸ்பெக்‌ஷன் வர்றார்னு தெரிஞ்சா முந்தின நாள் பீரோவெல்லாம் தூசி தட்டுவோமே, அதானே?” அதேதான். டிஇஓ ஒரு துடைப்பத்தைக்கூடத் தொடமாட்டார். அவர் வந்தால் பள்ளி சுத்தமாகும்.

டான்ஷென்னின் டான்ஷினோன்கள் குயினோன் வகை. கந்தகத்தைக் கண்டால் சும்மா இருக்காதவை. மஞ்சளில் இருக்கிற குர்குமினும், பிராக்கோலியில் இருக்கிற சல்ஃபோராஃபேனும் இதே ஜாதி எரிச்சல்காரர்கள். செடி தன்னைத் தின்ன வருகிற பூச்சிக்கும் பூஞ்சைக்கும் செய்து வைத்த காரம். அது நம் செல்லைக் கொஞ்சமாகச் சீண்டும்போது செல் தன் வீட்டைத் தானே சரிசெய்துகொள்கிறது. அதிகமாகச் சீண்டினால் செத்துப்போகிறது. அதே டான்ஷினோனை அளவு கூட்டிப் போட்டால் புற்றுச்செல்லைக் கொல்கிறது என்று இன்னொரு கூட்டம் கட்டுரை எழுதும். இரண்டும் உண்மைதான், அளவுதான் வேறு. ஆக, ‘ஆன்டிஆக்சிடன்ட் மூலிகை’ என்று நாம் அழைப்பவற்றில் பல, செல்லின் கணக்குப்படி, லேசான ஆக்சிடன்ட்.

நேராகப் போய் ஃப்ரீ ராடிக்கலை அணைக்கிற கதை எடுபடாமல் போவதற்கு எளிய கணக்கு ஒன்றும் உண்டு. செல்லுக்குள் குளூட்டாதயோன் மில்லிமோலார் அளவில் இருக்கிறது. கஷாயம் குடித்த பிறகு ரத்தத்தில் தெரியும் பாலிஃபீனால் பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலாரை எட்டுவதே அபூர்வம். ஆயிரத்தில் ஒரு பங்கு. கடலில் கரைத்த பெருங்காயம். அதுவும் தட்டில் நாம் ஊற்றுகிற உருவத்தில் போய்ச் சேருவதில்லை. ஹுவாங்ச்சின் என்ற வேரில் பைக்கலின் இருக்கிறது. அதன் வாலில் ஒரு சர்க்கரை அமிலம் தொங்கும். குடலில் வாழ்கிற பாக்டீரியா அந்த வாலை வெட்டினால்தான் உள்ளே போகும். உள்ளே போனதும் குடல் சுவரும் ஈரலும் சேர்ந்து மறுபடி வாலை ஒட்டிவிடும். அப்புறம் ரத்தத்தில் ஓடுவது பெரும்பாலும் அந்த வால் ஒட்டியதுதான். நாங்களோ சாற்றை நேராகச் செல்லின் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தோம். இன்குபேட்டரில் இருப்பதும் வெளிக்காற்றின் 20 சதவீத ஆக்சிஜன். உடம்பின் பெரும்பாலான திசுக்கள் அதில் பாதியைக்கூடப் பார்ப்பதில்லை.

இவ்வளவும் சொன்னால், சீன மருத்துவத்தைக் கேலி செய்கிறேன் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ச்சிங்ஹாவ் என்ற மூலிகையின் கதை. 1967 மே 23-இல் சீன அரசு மலேரியாவுக்கு மருந்து தேட ஒரு ரகசியத் திட்டம் தொடங்கியது. தேதியை வைத்தே 523 என்று பெயர். 1969-இல் பெய்ஜிங்கில் து யோயோ அதில் சேர்ந்தார். பழைய சுவடிகளைப் புரட்டி நூற்றுக்கணக்கான மூலிகைகளை எலியிடம் சோதித்தார்கள். ச்சிங்ஹாவ் ஒருமுறை வேலை செய்யும், மறுமுறை கைவிடும். நான்காம் நூற்றாண்டில் கெ ஹொங் எழுதிய அவசர மருத்துவக் குறிப்பில் ஒரு வரி: ஒரு கைப்பிடி ச்சிங்ஹாவை இரண்டு ஷெங் (பழைய சீன அளவு) தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாறு முழுவதையும் குடி. மற்ற மூலிகைகளை எல்லாம் கொதிக்க வைக்கச் சொல்கிற மருத்துவம் இதை மட்டும் ஏன் பிழியச் சொல்கிறது? சூடு இதைக் கெடுக்குமோ? 35 டிகிரியிலேயே கொதித்துவிடுகிற ஈதரில் சாறு எடுத்தார். 1971 அக்டோபர் 4, மாதிரி எண் 191: எலியின் மலேரியாக் கிருமி முழுக்க ஒழிந்தது. 2015-இல் நோபல் பரிசு.

என்னைப் போன்றவர்களுக்கு இதில் தித்திப்பான பகுதி வேறு. ச்சிங்ஹாவிலிருந்து கிடைத்த மருந்துக்குப் பெயர் ஆர்ட்டெமிசினின். அதன் மூலக்கூறுக்குள் இரண்டு ஆக்சிஜன் கைகோத்து ஒரு பாலம் இருக்கிறது, பெராக்சைடுப் பாலம். மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து ஹீமோகுளோபினைத் தின்பதால் அதைச் சுற்றி இரும்பு குவிந்து கிடக்கும். அந்த இரும்பு பட்டதும் பாலம் உடைந்து ஃப்ரீ ராடிக்கல்கள் தெறிக்கும். கிருமி தன் சாப்பாட்டாலேயே சாகும். சீன மூலிகை உலகத்துக்குக் கொடுத்த மிகப் பெரிய மருந்து, ஃப்ரீ ராடிக்கலை உண்டாக்கிக் கொல்கிற மருந்து. டிபிபிஹெச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் அந்தச் செடியை நாங்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் தள்ளியிருப்போம். (ச்சிங்ஹாவின் ஒன்றுவிட்ட தங்கை நம் ஊர்ப் பூக்கடையில் இருக்கிறாள்: மரிக்கொழுந்து.)

செல்லின் சொந்தக் காவல் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சிங்கப்பூரில் ஒரு பழைய பாடம் உண்டு. ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளின் சிவப்பணுக்கள், ஆக்சிஜன் தாக்குதல் வந்தால் குளூட்டாதயோனைத் திரும்பப் புதுப்பிக்க முடியாமல் உடைந்துபோகும். மஞ்சள் காமாலை முற்றி மூளை வரை பாதிக்கும். பிறந்த குழந்தைக்கு ஹுவாங்லியன் என்ற வேரைக் கொடுக்கும் வழக்கம் சீனக் குடும்பங்களில் இருந்தது. அந்த வேரையும், அதில் இருக்கும் பெர்பெரினையும் இந்தக் காரணத்துக்காக 1978-இல் சிங்கப்பூர் தடை செய்தது. அது எவ்வளவு தூரம் குற்றவாளி என்று பின்னால் நிறைய விவாதம் நடந்து, 2013-இலும் 2016-இலும் படிப்படியாகத் தடையைத் தளர்த்தினார்கள். நம் மரமஞ்சளிலும் இருப்பது அதே பெர்பெரின்தான். இந்தக் குழந்தைகளுக்கு நிச்சயமான ஆபத்து எது என்று கேட்டால் சீன வேரைவிடப் பக்கத்திலேயே இருக்கிறது: துணிப் பெட்டியில் போடுகிற பாச்சை உருண்டை.

இப்போது அந்தத் தலையாட்டல்.

அப்பாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது, உலோக வால்வு. ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் வார்ஃபரின். மாதம் ஒருமுறை ஐஎன்ஆர் பார்த்து (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று சொல்கிற எண்), அளவு கூட்டிக் குறைப்பார்கள். லேப்பில் சேர்ந்து ஒரு வருடம் முடிந்து பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவருக்கு ஒரு டான்ஷென் மாத்திரைப் புட்டி வாங்கிப் போனேன். ஆம், நானேதான். பெட்டியில் இதயப் படம் போட்டிருந்தது. “இது மருந்தில்லப்பா, ஆன்டிஆக்சிடன்ட். இதைத்தான் நான் லேப்பில் பார்க்கிறேன்” என்று சொல்லிக் கொடுத்தேன். பெண் கொண்டுவந்தது என்று அவரும் வேளை தவறாமல் சாப்பிட்டிருக்கிறார்.

மூன்றாவது வாரம் அம்மா போன் செய்தாள். “அப்பாவுக்குப் பல்லு வெளக்கினா ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. கையில அங்கங்க நீலம் நீலமா இருக்கு.” ஐஎன்ஆர் 3-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது 6-ஐத் தாண்டியிருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, புதுசா ஏதாவது மருந்து ஆரம்பிச்சீங்களா சார் என்பதுதான். அப்பா பொய் சொல்லாத மனிதர். “புது மருந்து எதுவும் இல்லீங்க டாக்டர்” என்றார். அது மருந்து இல்லையே, ஆன்டிஆக்சிடன்ட்தானே. வார்ஃபரினை நிறுத்தி, வைட்டமின் கே கொடுத்து, இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். யாருக்கும் காரணம் தெரியவில்லை. அம்மா போனில் சாப்பாட்டுப் பட்டியலை ஒப்பித்துக்கொண்டே வந்து, “அப்புறம் நீ குடுத்த சத்து மாத்திரை” என்று முடித்தபோது நான் இன்குபேட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். டான்ஷென்னும் வார்ஃபரினும் சேர்ந்தால் ரத்தம் நிற்காது என்று ஹாங்காங் மருத்துவர்கள் 1990-களிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். தேடினால் இரண்டு நிமிடத்தில் கிடைத்தது.

அந்த மருந்துக்கடைக் கிழவருக்கு அது தெரியும். ரத்தத்தை ஓட வைக்கிற வேர் என்று அவர் மருத்துவம் அதற்கு வைத்த பெயர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொன்னது. நான் அந்தப் பெயரை மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதிவிட்டு, அறிவியல் மாதிரித் தெரிகிற ஒரு சொல்லை எடுத்து மேலே ஒட்டினேன். அந்தச் சொல்லில் யாருக்கும் பயமே வராது, அதுதான் அதன் சாமர்த்தியம். பழைய பெயர்கள் எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடம்பு இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பெயரில் ஒன்று போலிருந்த இரண்டு வேர்கள் மாறிப்போய், சிறுநீரகத்தைக் கெடுக்கிற அரிஸ்டலோக்கியா உள்ளே வந்துவிட்டது. அந்தக் குலத்தில் நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இருக்கின்றன என்பதை ஊரில் சொன்னால் யாருக்கும் ரசிப்பதில்லை.

லேப் வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. எங்கள் புளோக்கில் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் ஹுவாங்ச்சி வேரும் கோஜிப் பழமும் போட்டுக் கோழி சூப் வைப்பார். ஒரு கிண்ணம் எனக்கும் வரும். ஒருநாள் ஆசையாகக் கேட்டேன், இதில் கோஜி எதற்கு ஆண்ட்டி, கண்ணுக்கா? “இல்லாட்டி சூப் இனிக்காதே” என்றார்.

அப்பா இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரிக் கோடு போட்டு, வாயில் போட்டது அத்தனையும் தேதி வாரியாக எழுதுகிறார். கீரை எத்தனை கரண்டி, வெற்றிலை உண்டா இல்லையா, காபி எத்தனை முறை. போன தடவை டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டதும் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாராம். டோக்கன் வரிசையில் பின்னால் இருபது பேர். வல்லாரைத் துவையல் வரை பொறுத்த டாக்டர், “போதும் சார், போதும்” என்றிருக்கிறார். அப்பா விடவில்லை. “இன்னும் ரெண்டு வரிதான் டாக்டர். பதினாலாம் தேதி, சிங்கப்பூர்லேர்ந்து பொண்ணு அனுப்பின பிஸ்கட், நாலு.”